பல்லிலிருந்து நெற்றிக்கு

பல் டாக்டர் முதலில் கேட்டதே வில்லங்கமான கேள்வி.

"தினமும் எதைக் கடிக்கிறீங்க? இரும்பையா?"

பெரியப்பா வாயை மூடிக்கொண்டார். யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, துணைக்கு வந்திருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொன்னது அவருடைய பல்தான். மேல் வரிசை முன்பற்கள் இரண்டும் அரைவட்டமாகத் தேய்ந்திருந்தன. அந்த அரைவட்டத்துக்குள் ஒரு டார்ச் கச்சிதமாக உட்காரும்.

"இன்னும் ஆறு மாசம் இப்படியே கடிச்சா ரெண்டும் கையோட வந்துடும்," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் பெரியப்பா, "பல்லைப் பிடுங்கினாத்தானே அவருக்குப் பிழைப்பு. வேற எப்படிச் சொல்வாரு?" என்றார். ஆனால் வீடு வந்து சேரும்வரை நாக்கு நுனியால் அந்தப் பற்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தார்.

பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருடங்களாக ஒரே கூட்டாளியோடு வேலை செய்கிறார். கூட்டாளி எப்போதும் கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் இருக்கும் அறையில். பெரியப்பா எப்போதும் தரைத்தளத்துக்கும் கீழே, லிஃப்ட் வந்து இறங்கும் குழியில். அதனால் கம்பெனியில் அவருக்கு மேல்வீடு என்றும் இவருக்குக் கீழ்வீடு என்றும் பெயர். சம்பள நாளில்கூட அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

நான் வேலை பார்க்கும் ஐந்து மாடி அலுவலகக் கட்டிடத்தின் லிஃப்ட்டும் இவர்கள் பராமரிப்பில்தான் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு முறை, காலையில், தரைத்தளத்தில் மஞ்சள் தடுப்புப் பலகையைப் பார்த்தால் உள்ளே பெரியப்பா இருக்கிறார் என்று அர்த்தம். ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறேன். நெஞ்சளவு ஆழம், கிரீஸ் வாடை, பட்டப்பகலிலும் இருட்டு. இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஆகவே டார்ச் பல்லில்.

பல்லில் டார்ச் இருந்தால் பேச முடியாது. குழிக்குள் போன் சிக்னலும் கிடைக்காது. அதனால் இருவரும் ஆரம்பத்திலேயே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். லிஃப்ட்டைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டிய நேரம் வந்தால், பெரியப்பா கையை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டு, சுவரோரம் ஒண்டிக்கொண்டு, டார்ச்சை வாயிலிருந்து எடுத்து, மேலே நீட்டி அடிப்பார். லிஃப்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் வெளிச்சம் ஏறும். கயிறு இறங்கும் துளையருகே குந்தியிருக்கும் மேல்வீடு அதைப் பார்த்துவிட்டு லிஃப்ட்டை மெல்ல விடுவார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கால் கிலோ டார்ச்சைக் கவ்விக்கொண்டு யாராலும் அண்ணாந்து பார்க்க முடியாது. பார்த்தால் தொண்டைக்குள் இறங்கிவிடும். ஆகவே வெளிச்சம் மேலே வருகிறது என்றால் டார்ச் கையில் இருக்கிறது, கை டார்ச்சில் இருக்கிறது என்றால் குழியில் சுற்றும் சக்கரத்தில் இல்லை. பதினெட்டு வருடங்களாகப் பெரியப்பாவின் பத்து விரலும் பத்திரமாக இருப்பது இந்தக் கணக்கில்தான்.

இந்தக் கணக்கையும் அவர் முழுதாக நம்பவில்லை. குழியின் சுவரில் சிவப்பாக ஒரு ஸ்டாப் பட்டன் உண்டு. அதை அழுத்திவிட்டால், மறுபடி எடுத்துவிடும்வரை மேலே என்ன செய்தாலும் லிஃப்ட் அசையாது. மற்ற மெக்கானிக்குகள் பெரிய வேலைக்கு மட்டும் அழுத்துவார்கள் என்பார் மேல்வீடு. பெரியப்பா கீழே விழுந்த ஒரு திருகாணியை எடுக்கக் குனிந்தாலும் அழுத்துவார்.

"பதினெட்டு வருஷம் கூடவே இருக்கேன். பொண்டாட்டியைவிட அதிக நேரம் இருக்கேன். இன்னும் என்மேல நம்பிக்கை இல்ல இவனுக்கு," என்று மேல்வீடு எங்கள் வீட்டு வாசலில் நின்று பெரியம்மாவிடம் முறையிட்டதுண்டு.

"என்மேலயும்தான் இல்ல. நான் கேஸ் அடுப்பை அணைச்சுட்டு வந்தா, அவரு போய் ஒரு தடவை அணைச்சுட்டு வருவாரு. நீங்க உள்ள வந்து டீ குடிங்க," என்றார் பெரியம்மா.

அப்படிப்பட்டவர் தலையில் மாட்டும் விளக்கு வாங்கக் கிளம்பினால் எப்படி இருக்கும்?

முதலில் ஹார்டுவேர் கடை. கடைக்காரர் எடுத்துப் போட்ட பெட்டியில் பத்தாயிரம் லூமன் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வெளிச்சத்தின் அளவு அது என்று பெரியப்பாவுக்கு விளக்கினேன்.

"யார் அளந்தாங்க?"

"கம்பெனிக்காரங்கதான்."

"அவங்க விளக்கை அவங்களே அளந்தாங்களா?" கடைக்காரர் பக்கம் திரும்பினார். "ஏன் சார், பத்தாயிரம்னு எழுதினவன் இருபதாயிரம்னு எழுதியிருக்கலாமே, ஏன் விட்டுட்டான்?"

"இடம் பத்தியிருக்காது சார்," என்றார் கடைக்காரர். அவர் சிரிக்காமல் சொன்னதால், அந்தக் கடைக்கு இனிப் போவதில்லை என்று பெரியப்பா முடிவு செய்தார்.

அடுத்து நான் போனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரவழைத்தேன். எடை நாற்பத்தைந்து கிராம் என்று போட்டிருந்தது. வந்த அன்றே பெரியம்மாவின் சமையலறைத் தராசு கூடத்துக்கு வந்தது. எழுபத்தொன்று காட்டியது. தராசில் கோளாறு என்று சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக, பெரியப்பா பிரிக்காத அரைக்கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தார். தராசு சரியாக இருந்தது. பெட்டியின் பின்புறம் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். பேட்டரி நீங்கலாக நாற்பத்தைந்து.

"பேட்டரி இல்லாத விளக்கை எவன் தலையில மாட்டுவான்? தொப்பியா இது?"

வேறொரு குறையும் அதில் இருந்தது. முன்னால் கையை வீசினால் எரியும், மறுபடி வீசினால் அணையும். கையில் அழுக்கு இருந்தாலும் தொடாமலே இயக்கலாம் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து, இல்லாத போல்ட்டை இல்லாத ஸ்பானரால் முடுக்கிப் பார்த்தார். கை நெற்றிப் பக்கம் போனபோதெல்லாம் விளக்கு அணைந்தது.

"நல்லாருக்கு. விரல் உள்ள இருக்கிற நேரமாப் பார்த்து இருட்டாக்கும்," என்று கழற்றி வைத்தார். மறுநாளே அது வந்த வழியே திரும்பிப் போனது.

மூன்றாவது, மலையேறப் போகிறவர்களுக்குப் பொருள் விற்கும் கடை. அங்கே இருந்த பெண் அதிகம் பேசவில்லை. எங்கே வேலை, எவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். குழி, கைக்கெட்டும் தூரம் என்றதும், கண்ணாடி அலமாரியில் மேல்தட்டில் இருந்த பெரிய விளக்குகளை விட்டுவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்ன விளக்கை எடுத்தாள்.

"கிட்டத்துல பார்க்க முந்நூறு லூமனே போதுங்க. அதுக்கு மேல போனா இரும்புல பட்டு உங்க கண்ணையே கூசும். இது ஒளியைப் பரப்பி அடிக்கும். பேட்டரியோட அறுபத்தெட்டு கிராம்."

"மேல இருக்கிறது?"

"அது தூரத்துக்கு. உங்களுக்கு வேண்டாம். விலையும் ரெண்டு மடங்கு."

பெரியப்பா என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "கவனிச்சியா? விலை கம்மியானதை எடுத்துக் காட்டுறா. கடைக்காரங்க அப்படிச் செய்வாங்களா? இதுல என்னமோ இருக்கு."

"உங்களுக்கு எது தேவையோ அதைச் சொல்றாங்க பெரியப்பா."

"அதான்மா, ஏன் சொல்றா?"

பதினைந்து நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகே காசை எடுத்தார்.

அந்த வாரம் எங்கள் வீடு சோதனைக்கூடமானது. முழுச் சார்ஜில் எட்டு மணி நேரம் எரியும் என்றிருந்ததால், ஞாயிற்றுக்கிழமை காலை விளக்கைத் துணி அலமாரிக்குள் எரியவிட்டு, அரைமணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்த்தார். மத்தியானத்துக்குள் வெளிச்சம் கொஞ்சம் மங்கியது. அதையும் பெட்டியில் போட்டிருந்தார்கள் என்று நான் காட்டினேன். முதல் இரண்டு மணி நேரம் முழு வெளிச்சம், பிறகு படிப்படியாகக் குறையும். கம்பெனியே அதை ஒப்புக்கொண்டிருந்தது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. மழை பட்டால் ஒன்றும் ஆகாது என்றிருந்ததால் குழாயடியில் பிடித்தார். பட்டை இறுகப் பிடிக்கிறதா என்று பார்க்கக் கூடத்தில் பத்து முறை குதித்தார். கீழ் மாடியிலிருந்து ஆட்கள் வந்து, "என்ன உடையுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு இரண்டு கையாலும் ஒரு பழைய மிக்ஸியைப் பிரித்துப் பூட்டிவிட்டு வெளியே வந்தபோது, முதல் முறையாக அவர் முகத்தில் ஏதோ தெளிந்த மாதிரி இருந்தது.

"தலையில இருக்கிறதே தெரியல," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

தெரியாததால் வந்த தொல்லை எங்களுக்கு. விளக்கை மாட்டிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். பெரியம்மா ஏதோ சொல்ல, அவர் நிமிர, பெரியம்மா கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, மூஞ்சில அடிக்காதீங்க! சாப்பாடு போட வந்தவளை விசாரணைக் கைதி மாதிரி..."

"நான் எங்க அடிச்சேன்? நான் உன்னைப் பார்த்தேன்."

"நீங்க பார்த்தா அது அடிக்குது!"

அவர் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பட்டை, பேட்டரி, எடை என்று எல்லாவற்றையும் சோதித்திருந்தார். இதைச் சோதனை என்று அவர் எண்ணவில்லை. நாங்களும்தான்.

வியாழக்கிழமை எங்கள் அலுவலகக் கட்டிடத்தில் லிஃப்ட் பராமரிப்பு. மஞ்சள் பலகையைப் பார்த்துவிட்டுப் படியேறிப் போனேன். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட இறங்கியபோது தரைத்தளத்தில் சத்தம் கேட்டது. காவலாளி உட்படப் பத்துப் பேர் சுற்றி நிற்க, மேல்வீடு கத்திக்கொண்டிருந்தார். நான் பார்த்தவரையில் அவர் யாரிடமும் கத்தியதில்லை.

"யோவ் கீழ்வீடு, விளையாடுறியா? மூணு தடவை! மூணு தடவை விடுன்னு வெளிச்சம் அடிச்ச. மூணு தடவையும் ஸ்டாப்பை எடுக்காம வச்சிருந்த. நான் மேல பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்து, மோட்டார் போச்சோன்னு பாதியைப் பிரிச்சுட்டேன். என்னைப் பைத்தியக்காரனாக்கணும்னு எத்தனை நாளா யோசிச்ச?"

பெரியப்பா அப்போதுதான் குழியிலிருந்து ஏறி வந்திருந்தார். நெற்றியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நான் அடிக்கவே இல்ல," என்றார்.

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"நான் அடிக்கல. கை சக்கரத்துக்குள்ள இருந்தது. காலையில இருந்து கையை வெளிய எடுக்கல."

அப்படிச் சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். மேல்வீடும் நிறுத்தினார். காவலாளிக்கோ மற்றவர்களுக்கோ ஒன்றும் புரியவில்லை. குழியில், லிஃப்ட்டின் வேகத்தைக் கண்காணிக்கும் மெல்லிய கயிற்றை இழுத்துப் பிடிக்க ஒரு சக்கரம் உண்டு. லிஃப்ட் ஓரடி நகர்ந்தால் அந்தச் சக்கரமும் சுற்றும். கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரல் இருந்தால் விரல் இருக்காது. வேறொரு கம்பெனியில் ஒருவருக்கு இரண்டு விரல்கள் போனதை இவர்கள் இருவருமே நேரில் பார்த்தவர்கள்.

"நீ எதுக்குய்யா விட்ட?" என்றார் பெரியப்பா, மிகவும் மெதுவாக.

"நீ அடிச்ச, நான் விட்டேன்."

"நான் அடிக்கல."

"அப்போ என் கண்ணு பொய்யா?"

வழக்கமாக ஒரே வண்டியில் திரும்புகிறவர்கள் அன்று தனித்தனியாகப் போனார்கள்.

மாலையில் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம்தான் சொன்னார். "அவன் வேணும்னே பண்ணினானோன்னு இருக்கு."

"மேல்வீட்டு மாமாவா? எதுக்கு?"

"எதுக்குன்னுதான் தெரியல. போன மாசம் சூப்பர்வைசர் என்னை மட்டும் கூப்பிட்டுப் பேசினாரு. மனசுல வச்சிருக்கலாம். ஸ்டாப்பைப் பத்தி எத்தனை வருஷமாப் பொருமுறான்." விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிவிட்டு, "எனக்குக் காலையில இருந்தே என்னவோ சரியாப் படல. இன்னிக்கு நகர்த்திடுவானோன்னு அப்பப்ப நிமிர்ந்து மேல பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்," என்றார்.

"எத்தனை தடவை பார்த்தீங்க?"

"ரெண்டு தடவை. மூணு இருக்கும்."

நான் பதில் சொல்வதற்குள் பெரியம்மா மின்வெட்டைத் திட்டிக்கொண்டே உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "என்னங்க, கரண்ட் போச்சு. அந்த விளக்கை மாட்டிக்கிட்டு இங்க கொஞ்சம் வாங்க. ஸ்டோர் ரூம்ல மேல் தட்டுல மெழுகுவத்தி இருக்கு."

பெரியப்பா மாட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். சன்னல் இல்லாத சின்ன அறை அது. அவர் நிமிர்ந்து மேல் தட்டைப் பார்த்தார். வெளிச்சம் கூரை வரை போய் நின்றது. குனிந்தார், தரைக்கு வந்தது. மறுபடி நிமிர்ந்தார். கூரை. அவர் கைகள் இரண்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கைகளையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெழுகுவத்தி இருக்கா இல்லையா?" என்றார் பெரியம்மா.

"நான்தான்," என்றார் பெரியப்பா.

"என்னது நீங்கதான்?"

"விடுன்னு சொன்னது நான்தான்."

அப்போதே மேல்வீட்டுக்கு போன் செய்தார். மன்னிப்பு கேட்பார் என்று எதிர்பார்த்துப் பக்கத்தில் நின்றேன். அவர் கேட்டது வேறு.

"யோவ், நீ நேத்து வரைக்கும் பார்த்த வெளிச்சமும் இன்னிக்குப் பார்த்ததும் ஒரே மாதிரியா இருந்தது? டார்ச் மஞ்சளா இருக்கும். இது வெள்ளை. அதைப் பார்த்துமா உனக்குச் சந்தேகம் வரல?"

மேல்வீடு என்ன சொன்னார் என்பது எனக்கும் கேட்டது. போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டுதான் பெரியப்பா கேட்டார்.

"எல்லாத்துக்கும் சந்தேகப்பட நீ இருக்கியே! ரெண்டு பேரும் சந்தேகப்பட்டா லிஃப்ட்டை யார் ஓட்டுறது? வைடா போனை!"

வைக்கவில்லை. இருவரும் ரொம்ப நேரம் பேசினார்கள். அடுத்த நாள் அந்த விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், மறுபடி பழைய டார்ச்சைத்தான் கவ்வுவார் என்று பெரியம்மா சொன்னார். பதினைந்து நாள் கெடுவில் இன்னும் எட்டு நாள் இருந்தது. பெரியப்பா பெட்டியை எடுத்து வைத்து, பட்டையைச் சுருட்டி உள்ளே வைக்கவும் செய்தார். பிறகு கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து முன்பற்களைப் பார்த்தார். வாயை மூடினார். திறந்தார். "ஆ," என்றார். "ஓ," என்றார். பெரியம்மா பயந்துபோய், "பல் வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல. வாய் சும்மாதானே இருக்கு," என்றார்.

வியாழக்கிழமை பராமரிப்பைப் பாதியில் விட்டுப் போனதால், நடுவே ஒரு திங்கட்கிழமை மறுபடியும் எங்கள் கட்டிடத்துக்கு வந்தார்கள். தடுப்புப் பலகை வழக்கமான இடத்தில் இருந்தது. ஆனால் கட்டிடம் வழக்கம்போல இல்லை. நான் இரண்டாவது மாடிப் படியில் இருந்தபோதே, மூடிய லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து ஆண் குரல்கள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. ஐந்து மாடி நீளக் குழாய்க்குள் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லும் வாலோடு வந்தது. மாடிக்கு மாடி ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்கள்.

"கீழ்வீடு! விடட்டுமா?"

"இரு!"

"எவ்வளவு நேரம்டா இருக்கிறது?"

"என் கை உள்ள இருக்கு! கை வெளிய வந்ததும் சொல்றேன்!"

"உன் கையை நீ பார்த்துக்கோ! என் முட்டி போச்சு இங்க!"

"உன்னை யார் குந்தி உட்காரச் சொன்னது? இனிமே நீ துளையைப் பார்க்கவே வேண்டாம்! நாற்காலி போட்டு உட்கார்!"

பதினெட்டு வருடங்களாகக் குந்தி உட்கார்ந்தவர் மேலே அதை யோசித்துக்கொண்டிருந்தார் போல. பிறகு நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது.

"கை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு!"

"ஓரமா நிக்கிறியா?"

"நிக்கிறேன்!"

"ஸ்டாப்பை எடுத்துட்டியா?"

என் பக்கத்தில் நின்ற கணக்குப் பிரிவுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ்! ஸ்டாப்பை எடுத்துட்டியான்னு கேட்டேன்!"

"எடுக்கல!"

"ஏன்?"

"பேசுறது நீதானான்னு பார்த்துட்டு எடுக்கிறேன்! உன் சின்னப் பொண்ணு எந்த வகுப்பு படிக்குது, சொல்லு!"

மேல்வீடு பதிலாகச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அது அவர்தான் என்று கீழே உறுதியாகிவிட்டது. ஸ்டாப் பட்டன் விடுபடும் சின்னச் சத்தம் கேட்டது. லிஃப்ட் மெல்ல நகர்ந்தது.